ஆரிகேஷன் என்று நீ வைத்த பெயர்

இன்று காலை ஒரு பெரியவர் நம் அலுவலக வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். செல்லம்பட்டிப் பக்கத்துக்காரர். கணுக்கால் வரை சேறு காய்ந்திருந்தது. வேட்டி மடிப்பிலிருந்து ஒரு துண்டுக் குழாயை எடுத்து மேசைமேல் வைத்தார். கறுப்புக் குழாய், அரையடி நீளம் இருக்கும். வெயிலில் கிடந்த ரப்பர் வாடை.

"இந்தச் சைசுல சொட்டுநீர்க் குழாய் இருக்காம்மா?"

"குழாய்க் கடை இது இல்லண்ணே."

"வெளிய இரிகேஷன்னுதான போட்டிருக்கு? எம்பேரன் வாசிச்சுச் சொன்னானே."

"அது இரிகேஷன் இல்ல, ஆரிகேஷன். இது கார் ஓட்டப் பழக்குற எடம்."

"கார் ஓட்டுறதுக்கு என்னத்துக்கு இப்படி ஒரு பேரு?"

"தேர் ஓட்டுறதுக்கு இங்கிலீசுல அப்படி ஒரு சொல்லு இருக்குண்ணே. ரொம்பப் பழைய சொல்லு. இப்ப யாரும் சொல்றதில்ல."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "நெசமாவா?" என்றார். நம்பவில்லை. குழாயை எடுத்து மடியில் செருகிக்கொண்டு போய்விட்டார்.

நீ போன பிறகு அந்தச் சொல்லுக்கு நான் வாய்விட்டுப் பொருள் சொன்னது இதுதான் முதல் தடவை. அவர் பார்த்த பார்வை எனக்குப் புதிதில்லை. பதினோரு வருடத்துக்கு முன்னால் நான் உன்னைப் பார்த்தது அப்படித்தான். மத்தியானம் வகுப்பு எதுவும் இல்லை. அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன். உன்னை நான் சந்தேகப்படாமல் இருந்த நாள்கள் குறைவு. அதை ஒரு தடவையாவது முழுதாகச் சொல்ல வேண்டும்.

முதல் சந்தேகம், நீ வந்த அன்றே வந்தது. அப்போது நான் வேறொருவருடைய டிரைவிங் ஸ்கூலில் பெண்களுக்குக் கற்றுக்கொடுத்துக்கொண்டிருந்தேன். அப்பாவின் டிராக்டரை ஓட்டிப் பழகி, பள்ளிக்கூட வேன் ஓட்டி, அங்கே வந்து சேர்ந்திருந்தவள். பன்னிரண்டாவது வரை படித்தது தமிழில். நீ கல்லூரியில் இங்கிலீஷ் பாடம் எடுத்துவிட்டு வேலையை விட்டவள். சிம்மக்கல்லில் இருந்து டவுன் பஸ் ஏறி, தலையில் துப்பட்டா, தோளில் பெரிய பை, நாற்பத்தொரு வயதில் கார் ஓட்டப் பழக வந்தாய். நான் சொல்கிற ஒவ்வொன்றுக்கும் ஏன் என்று கேட்டாய். கிளட்ச்சை ஏன் மெதுவாக விட வேண்டும், மூன்றாவது கியரை ஏன் அங்கே வைத்திருக்கிறார்கள். நான் சரியாகச் சொல்லிக்கொடுக்கிறேனா என்று பார்க்க முதலாளிதான் உன்னை அனுப்பியிருக்கிறார் என்று நினைத்தேன். ஒரு வாரம் உன்னிடம் பாடத்துக்கு மேல் ஒரு வார்த்தை பேசவில்லை.

ஏழாம் நாள் தெற்குவாசல் பாலத்து ஏற்றத்தில் வண்டியை அணையவிட்டுவிட்டாய். பின்னால் அத்தனை பேரும் ஹாரன் அடித்தார்கள். நீ அழவில்லை, பதறவும் இல்லை. என் பக்கம் திரும்பி, "வாத்தியாரம்மா, எனக்கு இவ்வளவு பேரு கை தட்டுறது இதுதான் முதல் தடவ," என்றாய். நான் சிரித்துவிட்டேன். முதலாளி அனுப்பின ஆளால் அப்படிப் பேச முடியாது என்று அன்றைக்கு முடிவு செய்தேன்.

உரிமம் வாங்கின கையோடு, பெண்களுக்கென்று நாமே ஒரு பள்ளி தொடங்கலாமா என்று கேட்டவள் நீ. எனக்கு ஓட்டத் தெரியும், உனக்கு மனு எழுதத் தெரியும், ஆபீசில் நின்று பேசத் தெரியும். பழங்காநத்தத்தில் மாவு மில்லுக்குப் பக்கத்தில் இந்த அறையைப் பிடித்தோம். என் அண்ணன் ஊரிலிருந்து வந்து பார்த்துவிட்டு, "கூட்டுங்கிறது முதல்ல இனிப்பாத்தான் இருக்கும். படிச்சவ. என்னைக்காவது உன்னையத் தள்ளிவிட்டுட்டு அவளே நடத்துவா, பாத்துக்க," என்றான். அப்பா நிலத்தைப் பிரித்தபோது என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் கையெழுத்துக்கு மட்டும் கூப்பிட்டவன் அவன். ஆள்களைத் தள்ளிவிடுவது எப்படி என்று அவனுக்குத் தெரியும். அதனாலேயே அவன் சொன்னது எனக்குள் போய் உட்கார்ந்துகொண்டது.

அப்புறம்தான் அந்தப் பெயரைச் சொன்னாய். நான் மீனாட்சி என்றோ வைகை என்றோ ஏதாவது வைப்போம் என்று நினைத்திருந்தேன். நீ ஒரு தாளில் பெரிய எழுத்தில் எழுதி என் பக்கம் திருப்பினாய்.

"ஆரிகேஷன். தேர் ஓட்டுறதுன்னு அர்த்தம்."

"நம்ம ஊர்ல தேர யாருடீ ஓட்டுறா? வடம் புடிச்சு இழுக்குறாங்க. முட்டுக்கட்டை போடுறவந்தான் திருப்புறான்."

"அது சாமி தேரு. நான் சொல்றது குதிர பூட்டுன தேரு."

"நம்மகிட்ட இருக்கிறது பழைய மாருதி."

"அதுக்குள்ளயும் குதிர இருக்குன்னு நீதான சொல்லிக்கொடுத்த. இத்தன குதிர சக்தி, அத்தன குதிர சக்தின்னு."

உன் பதிலில் குற்றம் எதுவும் இல்லை. ஆனால் நீ சிரித்துக்கொண்டே சொன்னாய். எனக்கு இங்கிலீஷ் தெரியாது என்பதால், இல்லாத ஒரு சொல்லை நீயே செய்து என் தலையில் கட்டுகிறாயோ என்று பட்டது. ஊரே வந்து கேட்கும், நான் முழிப்பேன், நீ பதில் சொல்வாய். பள்ளி யாருடையது என்று அந்தப் பெயரே காட்டிக்கொடுத்துவிடும். அண்ணன் சொன்ன 'தள்ளிவிடுவது' இப்படித்தான் தொடங்குமோ என்று யோசித்தேன்.

உனக்குத் தெரியாமல் விசாரித்தேன். என் மகனுடைய பள்ளி அகராதியில் அந்தச் சொல் இல்லை. எதிர்வீட்டு பேங்க் அதிகாரி, "இரிகேஷன்னு இருக்கு, பாசனம். நீங்க சொல்ற மாதிரி ஒண்ணு கெடையாதும்மா," என்றார். என் மகன் ஃபோனில் தட்டிப் பார்த்து, "எதுவோ வருதும்மா, ஆனா நீ இரிகேஷனத் தேடுறியான்னு அதுவே திருப்பிக் கேக்குது," என்றான். ஃபோனுக்கே சந்தேகம் என்றால் எனக்கு வராதா? மறுநாள் உன் முன்னால் அந்தத் தாளை வைத்து, "அப்படி ஒரு சொல்லே இல்லையாமே?" என்றேன்.

நீ கோபப்படவில்லை. "வா," என்று எழுந்தாய். அப்படியே வண்டியை எடுத்துக்கொண்டு சிம்மக்கல் நூலகத்துக்குப் போனோம். நீ சொல்லி, அங்கிருந்தவர் ஒரு தடித்த அகராதியை இரண்டு கையாலும் தூக்கிவந்து வைத்தார். நீ பக்கத்தைப் புரட்டவில்லை. "நீயே தேடு. எழுத்துக்கூட்டித் தேடு," என்று தள்ளி உட்கார்ந்துகொண்டாய். எனக்குக் கால் மணி நேரம் ஆயிற்று. முதலில் ஏ, அப்புறம் யு, அப்புறம் ஆர். இருந்தது. தேர் அல்லது வண்டி ஓட்டுதல். அரிதான சொல் என்று அதற்கு அடையாளம் போட்டிருந்தது.

"லத்தீன்ல இருந்து வந்தது," என்றாய். "அதுல அவுரிகான்னா தேரோட்டி. ரோமாபுரியில பெரிய மைதானத்துல தேர்ப்பந்தயம் விடுவாங்க, அதுல ஓட்டுறவனுக்கு அந்தப் பேரு. நட்சத்திரக் கூட்டம் ஒண்ணுக்குக்கூட அந்தப் பேர வச்சிருக்காங்க. நம்மளுக்கும் இருக்குடி, வலவன்னு ஒரு சொல்லு. அதுவும் தேரோட்டிதான். யாரு சொல்றா இப்ப? சொல்லுறதுக்கு ஆள் இல்லாமப் போனா அந்தச் சொல்லு இல்லாத சொல்லாயிருமா?"

உன்னிடம் மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. அந்தப் புத்தகத்தை எடுத்து வந்தவரிடம் நீ முன்னமே சொல்லி வைத்திருப்பாயோ என்று ஒரு கணம் நினைத்தேன் என்பதையும் இப்போது சொல்லிவிடுகிறேன்.

பெயர்ப்பலகை வந்த கூத்து உனக்கு மறந்திருக்காது. ஃப்ளெக்ஸ் அடித்துக்கொடுத்தவர், "மேடம், ஸ்பெல்லிங் தப்பா எழுதியிருந்தீங்க, நானே திருத்திட்டேன்," என்று பெருமையாக விரித்துக்காட்டினார். இரிகேஷன் டிரைவிங் ஸ்கூல். நீ அந்தக் கடையிலேயே உட்கார்ந்து கண்ணில் நீர் வரச் சிரித்தாய். திரும்ப அடித்து மாட்டினோம். ஆனாலும் தெருவில் எல்லோருக்கும் இது இரிகேஷன் ஸ்கூல்தான்.

ஐந்தாறு வருடம் நன்றாகப் போயிற்று. நர்ஸுகள், டீச்சர்கள், ஜவுளிக்கடைப் பெண்கள், கணவன் வெளிநாட்டில் இருக்கிறவர்கள் என்று எத்தனையோ பேர் நம்மிடம் பழகினார்கள். ஒரு வருடத்துக்குள் நீயும் என் மாதிரியே இடதுபக்க சீட்டில் உட்கார்ந்து சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தாய். என்னைவிட நன்றாகச் சொல்லிக்கொடுத்தாய். நான் அதட்டுவேன். நீ பேசிக்கொண்டே வருவாய். "முன்னாடி ஒரு ஆட்டோ யோசிச்சுக்கிட்டு நிக்குது, அது முடிவெடுக்கட்டும். இப்ப லேசா பிரேக். இடது பக்கம் ஒரு பாட்டையா வாரார், அவரு நம்மளப் பாக்கல, நாம அவரப் பாத்துக்குவோம்." உன்னிடம் பழகினவர்கள் பதறுவதே இல்லை.

பிறகு நீ மாறினாய். எந்த நாள் என்று சொல்ல முடியாது. வண்டியில் உன் பேச்சு குறைந்தது. செவ்வாயும் வெள்ளியும் பதினொரு மணிக்கு வகுப்பு வேண்டாம் என்றாய். "வீட்ல கொஞ்சம் வேல இருக்குடி," என்று சொல்லி வண்டியை எடுத்துக்கொண்டு போவாய். ஒரு மணிக்கு வந்துவிடுவாய். வண்டியின் கிலோமீட்டரைத் தினமும் சாயங்காலம் பார்ப்பது என் பழக்கம். அந்த இரண்டு நாளும் பதினாலு கிலோமீட்டர் கூடுதலாக ஓடியிருக்கும். ஒரு நாளும் கூடக்குறைய இல்லை. உன் வீட்டுக்குப் போய்வர அத்தனை தூரம் வராது.

எனக்குள் கணக்கு ஓட ஆரம்பித்தது. பதினாலு கிலோமீட்டர் என்றால் போக ஏழு, வர ஏழு. இங்கிருந்து ஏழு கிலோமீட்டரில் என்ன இருக்கிறது? அண்ணா நகர், வண்டியூர், அந்தப் பக்கம் புதிதாக வீடுகள் வருகின்றன. அங்கே தனியாகப் பள்ளி வைக்க ஆள் பிடிக்கிறாள் என்று நினைத்தேன். அண்ணனுக்கு ஃபோன் செய்து வேறு எதையோ பேசுவதுபோலப் பேசிவிட்டு வைத்தேன். அவன் சொன்னது நடக்கிறது என்று அவனிடம் ஒத்துக்கொள்ள எனக்கு மனமில்லை.

அந்தச் சமயத்தில்தான் கொய்யாப்பழ விஷயம். பழங்காநத்தம் ரவுண்டானாவில் உன்னிடம் பழகிக்கொண்டிருந்த நர்ஸுப் பெண், சைக்கிளில் கூடை வைத்துத் தள்ளிக்கொண்டு போனவரை இடது பக்கமாக உரசிவிட்டாள். அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. கூடை கவிழ்ந்து கொய்யாப்பழம் ரோடெல்லாம் ஓடியது. நீயே இறங்கிப் பொறுக்கிக் கொடுத்தாயாம். "புதுசா ஓட்டுற புள்ள, பயந்துருச்சு," என்று என்னிடம் வந்து சொன்னாய். ஆனால் அந்தப் பெண் மறுநாள் என்னைத் தனியாகப் பார்த்தாள்.

"அக்கா, தப்பா எடுத்துக்காதீங்க. அவரு ரொம்ப நேரமா பக்கத்துலயே வந்துக்கிட்டு இருந்தாரு. மேடம் எப்பவும் சொல்லுவாங்கள்ல, அன்னைக்கு ஒண்ணுமே சொல்லல. அவங்க பக்கம் இருக்கிற பிரேக்கும் மிதிக்கல."

"ஃபோன் பாத்துக்கிட்டு இருந்தாங்களா?"

"இல்லக்கா. நேராத்தான் பாத்துக்கிட்டு இருந்தாங்க."

மனசு இங்கே இல்லை, வேறெங்கோ இருக்கிறது என்று முடிவு கட்டினேன். அடுத்த வெள்ளிக்கிழமை நீ வண்டியை எடுத்ததும் மாவு மில் வாசலில் நின்ற ஆட்டோவில் ஏறினேன்.

"அந்த வெள்ளக் காருக்குப் பின்னாடி போங்கண்ணே. ரொம்ப ஒட்டிப் போகாதீங்க."

"அது உங்க வண்டிதானக்கா? என்ன பிரச்சன?"

"ஒண்ணும் இல்ல. போங்க."

அவர் கண்ணாடியில் என்னைப் பார்த்தார். அவருக்கு என்மேல் சந்தேகம். எனக்கு உன்மேல் சந்தேகம். ஆற்றைத் தாண்டி அண்ணா நகர்ப் பக்கம் போகாமல், அப்படியே கிழக்கே ஓட்டி, தெப்பக்குளத்துக்கு வந்துவிட்டோம். நீ மாரியம்மன் கோயிலுக்கு எதிர்ச்சாரியில், கடைகளைப் பார்த்த மாதிரி வண்டியை நிறுத்தினாய். இறங்கவில்லை. நான் கரும்புச்சாறு வண்டிக்குப் பின்னால் நின்றுகொண்டேன். இப்போது யாராவது வந்து வண்டியில் ஏறுவார்கள் என்று காத்திருந்தேன். யாரும் வரவில்லை. நீ ஒரு கையை எடுத்து முகத்தில் வைத்தாய். அழுகிறாள் என்று நினைத்தேன். ஒரு ஆண் பெயர்கூட என் மனதில் வந்துபோயிற்று, அதை எழுதமாட்டேன். உன் வாய் அசைந்துகொண்டே இருந்தது. எதிரே யாரும் இல்லை. ஃபோனும் இல்லை. பிறகு கையை மாற்றி மறு பக்கம் வைத்தாய். மறுபடியும் வாய் அசைந்தது, இந்தத் தடவை மெதுவாக. பிறகு அதுவும் நின்றுவிட்டது.

கரும்புச்சாறு போடுகிற அம்மாவிடம் கேட்டேன். "அந்தக் கார்ல இருக்கிறவங்கள உங்களுக்குத் தெரியுமா?"

"அந்தக்காவா? வாரத்துக்கு ரெண்டு தரம் வரும். ஒரு கண்ணப் பொத்திக்கிட்டுக் கடை போர்டெல்லாம் வாசிக்கும். ஒரு நா இங்க வந்து சாறு குடிச்சிச்சு. அப்ப நான் இந்தப் பக்கம் நின்னு தம்ளர நீட்டுறேன், கையில வாங்கவே இல்ல. கண்ணுல ஏதோ கோளாறு போல."

அவர் கையை எந்தப் பக்கம் காட்டினார் என்று பார்த்தேன். இடது பக்கம்.

வீட்டுக்கு எப்படி வந்தேன் என்று ஞாபகமில்லை. சந்தேகம் தீர்ந்துவிட்டால் மனம் லேசாகும் என்பார்கள். எனக்கு அப்படி ஆகவில்லை. சொல்லிக்கொடுக்கிறவள் உட்காருவது இடதுபக்க சீட்டில். ஓரமாக வருகிற குழந்தை, சைக்கிள், நாய் எல்லாம் அவளுடைய இடது கண்ணில்தான் முதலில் படும். எத்தனை மாதமாக இப்படி ஓட்டிக்கொண்டிருக்கிறாள்?

அப்போதும் உன்னிடம் நேராகக் கேட்கவில்லை. என் புத்தி அப்படி. சோதித்துப் பார்க்கத்தான் தோன்றியது. மறுநாள் காலை வகுப்புக்கு முன்னால் நாம் இருவரும் பழக்குகிற மைதானத்துக்குப் போனோம். நான் ஓட்டினேன், நீ பக்கத்தில். நடுவில் நிறுத்திவிட்டு, டயரைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று இறங்கினேன். பின்னால் சுற்றி வந்து உன் ஜன்னலுக்கு வெளியே, ஒரு கை தூரத்தில் நின்றேன். சத்தம் போடவில்லை. கண்ணாடி இறக்கித்தான் இருந்தது. நீ நேராகப் பார்த்துக்கொண்டிருந்தாய். பிறகு வலது பக்கம், காலியாக இருந்த என் சீட்டின் பக்கம் திரும்பினாய்.

"எங்கடி போன? டயர் நல்லாத்தான இருக்கு?"

நான் பதில் சொல்லவில்லை. என் மூச்சு உன் தோளில் பட்டிருக்கும். மறுபடியும் கூப்பிட்டாய். உன் குரலில் ஏதோ மாறியது. கழுத்தை மெதுவாக இந்தப் பக்கம் முழுதும் திருப்பினாய். நான் நிற்பது தெரிந்ததும் உன் முகம் வெளுத்துப் போனது. இருவருக்கும் எல்லாம் தெரிந்துவிட்டது.

"எம்புட்டு நாளா?" என்றேன்.

"ஒம்பது மாசம். கண்ணுல பிரஷராம். நரம்பு போயிருச்சு. போனது திரும்ப வராதாம். வலது கண்ணு நல்லா இருக்குடி. சொட்டு மருந்து விடுறேன்."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா என்ன செஞ்சிருப்ப?"

"இந்த சீட்டுல உக்கார விட்டுருக்க மாட்டேன்."

"அதுக்குத்தான் சொல்லல."

கொய்யாப்பழத்துக்குப் பதிலாக ஒரு பிள்ளை இருந்திருந்தால் என்று கத்தினேன். நீ எதிர்த்துக் கத்தவில்லை. மடியில் கையை வைத்துக்கொண்டு சொன்னாய்.

"உனக்கு அன்னைக்கு நூலகத்துல பாதிதான் சொன்னேன். அந்த அவுரிகாங்கிற சொல்லையும் பிரிச்சா ரெண்டு துண்டு வரும். பின்னாடி இருக்கிறது ஓட்டுறது. முன்னாடி இருக்கிறது குதிரயோட கடிவாளம். அந்தக் கடிவாளங்கிற சொல்லுக்கும் அடியில வாயின்னு ஒரு சொல்லு கெடக்குன்னு படிச்சவங்க சொல்றாங்க. நம்ம கடிவாளத்துலகூடக் கடின்னு இருக்கு பாரு. சக்கரத்த வச்சு அந்தச் சொல்லு வரல. வாயில இருந்து வந்திருக்கு. நாம செய்யிறதும் அதான. ஸ்டியரிங் அந்தப் புள்ளைங்க கையில. நாம வாயாலதான ஓட்டுறோம். காலேஜுல பதினெட்டு வருசம் பேசுனேன், ஒருத்தரும் ஒரு அடி நகரல. இங்க நான் சொன்னா ஒரு பொம்பள வண்டிய எடுத்துக்கிட்டு மெயின் ரோட்டுக்குப் போறா. அத விடச் சொன்னா எப்படிடி விடுவேன்?"

இத்தனை அழகாக நீ பேசியதுதான் எனக்கு இன்னும் கோபத்தைக் கிளப்பியது. "குதிர வாயில கடிவாளம் போட்டவனுக்குக் கண்ணு இருந்துச்சுல்ல?" என்றேன்.

"தெப்பக்குளத்துக்கு நீ வந்தியா?" என்று கேட்டாய்.

"வந்தேன்."

"கேட்டிருக்கலாம்ல?"

"நீ சொல்லியிருக்கலாம்ல?"

நீ இறங்கிப் பின் சீட்டில் ஏறிக்கொண்டாய். நான் ஓட்டிவந்தேன். அதன் பிறகு நீ இடது சீட்டில் உட்காரவில்லை. அரை வருடம்போல அலுவலகத்தில் சாலை அடையாளங்கள் வகுப்பு எடுத்தாய். பிள்ளைகளிடம் சிரித்துப் பேசினாய், என்னிடம் வேண்டியது மட்டும். பிறகு மகள் கோயம்புத்தூருக்குக் கூப்பிடுகிறாள் என்று கிளம்பினாய். போகும்போது, "பேர மாத்தணும்னா மாத்திக்க," என்றாய். உன் மனதில் என்ன வைத்துச் சொன்னாய் என்று அதையும் நாள் கணக்காகச் சந்தேகப்பட்டேன். மாற்றவில்லை.

பெருநாளுக்கு நான் ஃபோன் செய்வேன். பொங்கலுக்கு நீ செய்வாய். நான்கு நிமிடம், ஐந்து நிமிடம். போன வருடம் நுரையீரல் காய்ச்சலில் நீ மவுத்தாகிவிட்டாய் என்று உன் மகள் சொன்னபோது நான் வண்டியில் இருந்தேன். ஒரு பெண் மூன்றாவது கியருக்கு மாற்றிக்கொண்டிருந்தாள். அவளை ஓரமாக நிறுத்தச் சொல்லவே எனக்கு வாய் வரவில்லை. பிரேக்கை நான்தான் மிதித்தேன்.

மூன்றாம் நாள் கோயம்புத்தூர் போனேன். உன் மகள் எனக்கு டீ கொடுத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தாள். என்னால் கேட்காமல் இருக்க முடியவில்லை.

"அம்மாவுக்கு எம்மேல கோவம் போயிருச்சாம்மா?"

அந்தப் பெண் எனக்காக ஒரு பொய் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. உன் மகள்தானே.

"இல்ல பெரியம்மா. கோவமாத்தான் இருந்தாங்க. பின்னாடி வந்து பாத்துட்டாளேன்னு சொல்லிக்கிட்டே இருப்பாங்க. ஆனா எங்க போனாலும் எங்க கார்ல முன் சீட்டுல ஒரு நாளும் உக்கார மாட்டாங்க. நான் கூப்பிட்டாலும், வேணாம், நான் உக்காந்தா, இடது பக்கத்த நான் பாத்துக்குவேன்னு ஓட்டுறவளுக்கு ஒரு நெனப்பு வந்துரும்பாங்க."

அதைக் கேட்டுவிட்டு பஸ்ஸில் மதுரை வரை அழுதுகொண்டு வந்தேன். நீ என்னை மன்னிக்கவில்லை, ஆனால் நான் சொன்னதைக் கேட்டிருக்கிறாய். இரண்டும் ஒரே மனுஷிக்குள் இருந்திருக்கிறது.

பிள்ளைகளைக் காப்பாற்றத்தான் உன் பின்னால் வந்தேன் என்று எல்லோரிடமும் சொல்லிக்கொள்ளலாம். அது நிஜமில்லை. நான் ஆட்டோவில் ஏறியபோது என் மனதில் எந்தப் பிள்ளையும் இல்லை. உன்னைக் கையும் களவுமாகப் பிடிக்க வேண்டும், நான் ஏமாறுகிறவள் இல்லை என்று காட்ட வேண்டும், அவ்வளவுதான். கெட்ட எண்ணத்தோடு போய் நல்ல காரியம் ஒன்று செய்துவிட்டு வந்தேன். உனக்குச் செய்ய வேண்டியதைச் செய்யவில்லை. உன் ஜன்னலோரத்தில் சத்தம் போடாமல் நின்றேனே அந்த ஒரு நிமிடத்தை மட்டும் என்னால் சரி என்று சொல்ல முடியவில்லை. பெயர் சொல்லிக் கூப்பிட்டிருக்கலாம்.

இப்போது என்னோடு இன்னொரு பெண் கற்றுக்கொடுக்கிறாள். திருமங்கலத்துக்காரி, நாற்பது வயது, நல்ல கை. எனக்கு ஐம்பத்தாறு ஆகிறது. போன மாதம் அவளை உட்காரவைத்துச் சொன்னேன்.

"எனக்கும் வயசாகுது. கண்ணோ காதோ காலோ, ஏதாவது ஒண்ணு போகும். போனா நானா வந்து சொல்ல மாட்டேன், மறைப்பேன். எல்லாரும் மறைப்பாங்க. அதனால நீ எம்மேல ஒரு கண்ணு வச்சுக்க. ஏதாவது தப்பாத் தெரிஞ்சா பின்னாடி வந்து பாக்காத. மூஞ்சிக்கு நேரா வந்து கேளு."

"ஐய, என்னக்கா இது. உங்களப் போயி நான் எப்படிச் சந்தேகப்படுவேன்?"

"படணும்."

அவள் சிரித்து மழுப்பிவிட்டுப் போனாள். ஆனால் அன்றிலிருந்து கவனிக்கிறேன். நான் வகுப்பு முடிந்து வண்டியிலிருந்து இறங்கும்போது, கதவைப் பிடித்துக்கொண்டு ஒரு நொடி நிற்கும்போது, அவள் தன் வேலையை நிறுத்திவிட்டு ஓரக்கண்ணால் என்னைப் பார்க்கிறாள். நான் திரும்பினால் சட்டென்று பார்வையை மாற்றிக்கொள்கிறாள். நேற்று அப்படி ஒரு தடவை. இன்று காலையில் இரண்டு தடவை.

நான் கேட்டு வாங்கியதுதான். ஆனாலும் சுருக்கென்று குத்துகிறது. இரண்டு நாளைக்கு முன்னால், போதும் விட்டுவிடு என்று சொல்லிவிடலாமா என்றுகூட வாய் வரை வந்தது. சொல்லவில்லை. அவள் பார்க்கட்டும்.